முன் ஷாஃப்ட் இல்லாத இரண்டு வருஷம்

என் அக்கா முப்பத்தோரு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவள். டாக்டர் கையை நீட்டினால் என்ன வேண்டும் என்று வாய் திறந்து கேட்காமல் எடுத்துக் கொடுக்கிற வேலை. அதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு, வெளியே யாருக்கும் தெரியாது. வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால், உள்ளே போன பஞ்சு எத்தனை, வெளியே வந்தது எத்தனை, கத்தரி எத்தனை, ஊசி எத்தனை என்று எண்ணிச் சொல்ல வேண்டும். அவள் "சரி" என்றால்தான் தையல் போடுவார்கள். ஒருமுறை பெரிய டாக்டர் ஒருவர் அவசரமாக மூடப் போனாராம்.

"ஒண்ணு குறையுது சார்."

"நீ தப்பா எண்ணியிருப்ப."

"நான் தப்பா எண்ண மாட்டேன் சார். நீங்க தேடுங்க."

திட்டிக்கொண்டே தேடினாராம். குடலுக்குப் பின்னால் பஞ்சு கிடைத்ததாம். இதை அவள் பெருமையாகச் சொல்ல மாட்டாள். கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்த கதை மாதிரிச் சொல்லிவிட்டு எழுந்து போவாள்.

அப்படிப்பட்டவளை, "எனக்கு மறதி வந்துடுச்சுடா" என்று சொல்ல வைத்தவன் நான். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதை விட்டுவிட்டு எழுத முடியாது. எழுதினால் என் மூஞ்சியில் நானே கரி பூசிக்கொள்ள வேண்டும். பூசிக்கொள்கிறேன்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். வண்டி பழுது பார்ப்பேன். அக்காவுக்கும் எனக்கும் ஆறு வயசு வித்தியாசம். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் வீட்டைத் தூக்கி நிறுத்தியது அவள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒரு தடவை கேட்டவர்களை அவள் பார்த்த பார்வையில் அவர்கள் இரண்டாவது தடவை கேட்கவில்லை. எங்கள் அம்மாவுக்குக் கடைசி நாலு வருஷம் நினைவு தப்பிப் போனபோது வேலைக்கும் போய்க்கொண்டு பார்த்துக்கொண்டவளும் அவள்தான். அம்மா என்னை, "நீங்க யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பாள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அக்கா உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஓய்வு பெற்ற மறுவாரம் பட்டறைக்கு வந்தாள். நான் ஒரு லாரியின் அடியில் கிடந்தேன். அவள் செருப்பு மட்டும் தெரிந்தது.

"தம்பி, வெளிய வா. ஒரு வண்டி பாத்திருக்கேன்."

"ஸ்கூட்டருக்கு என்ன ஆச்சு?"

"ஸ்கூட்டர் மலை ஏறாது."

மரக்கடைக்காரர் ஒருவரின் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு சின்ன ஜீப். முப்பது வயசு. நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ளது. கதவை மூடக் கம்பி கட்டியிருந்தது. மிதியடியைத் தூக்கினால் தரை தெரிந்தது, வண்டியின் தரை அல்ல, கொட்டகையின் தரை. கோழி ஒன்று பின் சீட்டில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

"இதுல எங்க போகப்போற?"

"ரோடு முடியற இடத்துக்கு. முப்பத்தோரு வருஷம் ஜன்னல் இல்லாத ரூம்ல நின்னிருக்கேன். ரோடு முடிஞ்சதும் என்ன இருக்குன்னு பாக்கணும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி சிரித்தாள். "அண்ணிக்காவது தோணுச்சே. உங்களுக்கு வண்டி அடியில படுக்கத்தான் தெரியும், மேல உக்காரத் தெரியாது."

அஞ்சு மாசம் வேலை பார்த்தோம். பார்த்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். தினமும் காலை ஒன்பது மணிக்கு வந்துவிடுவாள். துருப்பிடித்த தரையை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தேன். சக்கரத்துக்கு மேலே இருக்கிற வில்லுப் பட்டைகளை மாற்றி வண்டியை மூணு விரல் உயர்த்தினேன். பெரிய டயர் போட்டேன். தண்ணீரில் இறங்கினால் எஞ்சின் மூச்சுத் திணறாமல் இருக்க, காற்றுக் குழாயைக் கூரை வரைக்கும் ஏற்றினேன். நிறம் என்ன என்று கேட்டபோது ஒரு பழைய துணியை நீட்டினாள். தியேட்டரில் நோயாளி மேல் போர்த்துகிற பச்சை. பெயின்ட் கலக்குகிறவன், "இது ஆஸ்பத்திரி கலராச்சே, வண்டிக்கு நல்லா இருக்காதும்மா" என்றான். "உனக்கு அந்த நிறத்தைப் பாத்தா பயம். எனக்குப் பாத்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம். கலக்கு" என்றாள்.

வண்டியின் பின்னால் சாமான் பெட்டியை அவளே செய்தாள். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்தை வெள்ளை பெயின்டில் வரைந்தாள். அந்த இடத்தில் அது மட்டும்தான் உட்கார வேண்டும். ஒன்று இல்லை என்றால் வெள்ளைக் குழி கண்ணைக் குத்தும். நான் பானெட்டை மூடப் போனால் பின்னால் இருந்து குரல் வரும்.

"எண்ணியாச்சா?"

"அக்கா, இது வயிறு இல்லை."

"உள்ள ஒண்ணு விட்டுட்டா இதுவும் சாகும். எண்ணு."

எண்ணுவேன். ஒரு தடவை பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் நிஜமாகவே எஞ்சின் மேல் கிடந்தது. அவள் கையை மட்டும் நீட்டினாள்.

நாலாவது மாசம் அவளுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு வாரம் வரவில்லை. அந்த வாரத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

கல் குவாரி முதலாளி ஒருவர், அதே ரக ஜீப் வைத்திருந்தவர், என் பட்டறைக்கு வந்தார். பெரிய மனிதர். கூட நாலு பேர். அவர் வண்டியில் முன் ஷாஃப்ட் முறிந்துபோயிருந்தது. ஷாஃப்ட் என்பது ஒரு நீள இரும்புத் தண்டு. கியர் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது. பின் சக்கரத்துக்கு ஒன்று, முன் சக்கரத்துக்கு ஒன்று. முன்னது இல்லையென்றால் நாலு சக்கர இழுவை என்பது பேச்சுக்குத்தான். பின் இரண்டு மட்டும் தள்ளும், முன் இரண்டும் சும்மா உருளும். அந்தப் பழைய வண்டிக்குப் புதுசு வர ஒரு மாசம் ஆகும். அவருக்கோ மறுநாள் விருந்தாளிகளைக் குவாரி மேட்டுக்கு ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

"உன்னை விட்டா இதுக்கு ஆள் இல்லைன்னு சொன்னாங்க" என்றார், தோளில் கை போட்டு.

அந்தக் கைக்குத்தான் விழுந்தேன். "காலைல வண்டி ரெடியா இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அக்கா வண்டியின் அடியில் படுத்து அவளுடைய முன் ஷாஃப்ட்டைக் கழற்றினேன். எட்டு போல்ட்டு. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அப்போது என் மனசில் என்ன ஓடியது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒரு மாசத்தில் வேறு வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அதோடு, பொம்பளை ஓட்டப்போற வண்டி, மார்க்கெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வரப்போகுது, இதுக்கு முன் சக்கர இழுவை எதுக்கு என்றும் நினைத்தேன். நாலு மாசம் பக்கத்தில் நின்று எனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவளைப் பற்றி நினைத்தது இது.

அவள் திரும்பி வந்தபோது கல் அடிக்காமல் இருக்க வண்டிக்கு அடியில் கனமான தகடு வேண்டும் என்றாள். அடித்தேன். பம்பரிலிருந்து கியர் பெட்டி வரைக்கும் ஒரே தகடு. அவள் கேட்டது கல்லுக்காக. நான் அவ்வளவு நீளமாக வெட்டியது, இல்லாத ஷாஃப்ட் வெளியே தெரியாமல் இருக்கவும்தான்.

இன்னொன்றையும் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். அந்த வண்டியில் முன் சக்கரம் இரண்டின் நடுவிலும் ஒரு குமிழ் இருக்கும். கீழே இறங்கி, குனிந்து, இரண்டையும் கையால் திருகிப் பூட்ட வேண்டும். அப்புறம் உள்ளே ஏறி, கியருக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன லிவரைத் தள்ள வேண்டும். தள்ளினால் முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அந்த விளக்கு லிவர் நகர்ந்ததைப் பார்த்து எரிகிறது. கீழே ஷாஃப்ட் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

முதல் நாள் ஓட்டிப் பார்த்தபோது அக்கா இறங்கி, குனிந்து, குமிழ் இரண்டையும் திருகினாள். ஏறி லிவரைத் தள்ளினாள். விளக்கு எரிந்தது.

"எரியுதுடா" என்றாள். சின்னப் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தாள்.

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஆறு மாசம் அவள் போகாத இடம் இல்லை. காட்டுப் பாதை, கணுக்கால் தண்ணீர் ஓடும் ஓடை, கைவிட்ட சுரங்கத்துக்குப் போகும் சேற்றுத் தடம். சில நாள் என் மனைவியையும் கூட்டிக்கொண்டு போவாள். போன இடம், தூரம், மழையா வெயிலா, எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவாள். நல்ல டயர், உயரமான வண்டி, அவளும் நிதானமாக ஓட்டுகிறவள். பின் சக்கரத்தை வைத்தே இதெல்லாம் ஓடிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, எனக்குக் குற்ற உணர்ச்சிகூடக் குறைந்துவிட்டது. வேறு ஷாஃப்ட் தேடுவதை நிறுத்தியே விட்டேன்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சேர்ந்தாள். இந்த மாதிரி பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு பல் டாக்டர், ஒரு கணக்கு வாத்தியார், இப்படி. எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர் ஒருவர், யார் மாட்டிக்கொண்டாலும் நாற்பது அடிக் கயிற்றோடு ஓடி வருவார், அவருக்குப் பெயரே கயிறு. எல்லாரும் அக்காவை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிட்டார்கள்.

பழைய செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு சரளை மேடு. எல்லா வண்டியும் ஏறியது. அக்கா குமிழைத் திருகினாள், லிவரைத் தள்ளினாள், ஏறினாள். பாதியில் பின் சக்கரம் இரண்டும் கல்லை வாரி இறைத்தன. முன் சக்கரம் அசையவில்லை.

"என்ன சிஸ்டர், முன் சக்கரம் தூங்குதே? எழுப்பி விடலையா?" என்றார் கயிறு, கீழே நின்று.

"லிவரைப் போட்டேனே."

"போட்டிருந்தா சுத்துமே."

"குமிழும் திருகினேன்."

"ரெண்டையுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அக்கா என்னைப் பார்த்தாள். நான் அன்றைக்கு வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருந்தால் நாலு பேர் முன்னால் ஒரு நல்ல மெக்கானிக் மானம் போயிருக்கும், அவ்வளவுதான்.

"லிவர் பாதியிலேயே நின்னிருக்கும்க்கா. அழுத்தித் தள்ளணும். மறந்திருப்ப" என்றேன்.

"விளக்கு எரிஞ்சுதேடா."

"அந்த விளக்கை நம்பாத. வயர் பழசு."

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. "நீங்க ஓட்டிக் காட்டுங்க மெக்கானிக்" என்றார் பல் டாக்டர். நான் ஏறி உட்கார்ந்தேன். வண்டியைத் தூரமாகப் பின்னால் எடுத்தேன். கல் கெட்டியாக இருக்கிற ஓரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, வேகமெடுத்து, பின் சக்கரத்தின் தள்ளலிலேயே மேலே கொண்டுபோய் நிறுத்தினேன். ஓடுகிற வண்டியில் எந்தச் சக்கரம் இழுக்கிறது, எது உருளுகிறது என்று யாருக்குத் தெரியும். கை தட்டினார்கள்.

"பாத்தீங்களா சிஸ்டர், வண்டியில ஒண்ணும் இல்லை" என்றார் கயிறு.

அக்காவும் தட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் டேஷ்போர்டில் ஒரு அட்டையை ஒட்டினாள். ஆஸ்பத்திரிக் கையெழுத்தில் இரண்டே வரி. வலது குமிழ், இடது குமிழ். லிவர், முழுசாக. ஒவ்வொன்றையும் செய்துவிட்டு வாய்விட்டுச் சொல்வாள். அப்படியும் மணலில், சரளையில், ஈர மேட்டில் நின்றுபோகும். கயிறு ஓடி வருவார். "சிஸ்டர் இன்னைக்கும் முன்னாடி இருக்கறவங்களை எழுப்பலை" என்பது கூட்டத்தின் வாடிக்கையான ஜோக் ஆகிவிட்டது. அவளும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதுவாள்.

ஒருநாள் என் மனைவி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு அவளும் அக்காவும் மட்டும் காய்ந்த ஆற்றுப்படுகையில் போய் மணலில் மாட்டிக்கொண்டார்கள்.

"அண்ணி மூணு தடவை இறங்கி அந்தக் குமிழைத் திருகிப் பாத்தாங்க. அப்புறம் என்கிட்ட, 'நான் திருகினதை நீ பாத்தியா? கண்ணால பாத்தியா?'ன்னு கேட்டாங்க. பாத்தேன் அண்ணின்னு சொன்னேன். 'எங்க அம்மாவும் அடுப்புல பாலை வச்சதை மறக்கறதுலதான் ஆரம்பிச்சா'ன்னாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சுங்க."

சாப்பிட்டேன் என்று பேர் பண்ணிவிட்டு எழுந்தேன். அப்போதும் சொல்லவில்லை. நாளைக்கு, இந்த வாரம், அடுத்த வாரம் என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பட்டறைக்கு வந்தாள். வண்டிச் சாவியை மேஜையில் வைத்தாள்.

"வித்துடு."

"என்னக்கா திடீர்னு?"

"நரம்பு டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன். ஞாபக மறதிக்கு." ஏதோ பல்லைக் காட்டிவிட்டு வந்தவள் மாதிரிச் சொன்னாள். "நூறுலேர்ந்து ஏழு ஏழா குறைக்கச் சொன்னார். சொன்னேன். கடிகாரம் வரையச் சொன்னார். வரைஞ்சேன். எல்லாம் சரியா இருக்குங்கறார். அவருக்கென்ன தெரியும், அரை மணி நேரம் பாக்கறவர். எனக்கு நல்லாத் தெரியுதே. செஞ்சதாத் தோணுது, செஞ்சிருக்கலை."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைக்கா."

"இந்தா, வீட்டுச் சாவி ஒண்ணு. நீ வச்சுக்க. நான் கதவைத் திறக்கலைன்னா வந்து பாரு. அடுப்பை மாத்தப் போறேன், தானா அணையற மாதிரி." கொஞ்சம் நின்றாள். "அம்மாவை நான் பாத்த மாதிரி உன் பொண்டாட்டி என்னைப் பாக்கணும்னு இல்லை. இப்பவே சொல்லிடறேன். நல்ல இடமா பாத்துச் சேத்துடு."

மறுநாளே ஷாஃப்ட் தேடக் கிளம்பினேன். பழைய வண்டி உடைக்கிற இடங்களில் அலைந்தேன். நாலே நாளில் கிடைத்தது. இரண்டு விரல் குட்டை. லேத்தில் கொடுத்து நீட்டி வாங்கி மாட்டினேன். இரண்டு வருஷம் கிடைக்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்த பொருள் நாலே நாளில் கிடைத்தது.

என் கணக்கு இதுதான். சத்தம் போடாமல் மாட்டிவிடலாம். ஒரு தடவை ஓட்டினால் முன் சக்கரம் சுத்தும். அவளுக்குத் தைரியம் வந்துவிடும். யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம்.

வண்டியை அவள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். "வாக்கா, ஒரு தடவை ஏறிப் பாரு."

"வேணாம்டா. கூட யாரையாவது ஏத்திக்கிட்டுப் போய் மேல கவுத்துட்டா?"

"இல்லைக்கா. வண்டியிலதான் ஒரு சின்னப் பழுது இருந்திருக்கு. இப்பத்தான் கண்டுபிடிச்சேன். சரி பண்ணிட்டேன். உன் மேல தப்பு இல்லை."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று பட்டது. அம்மாவிடம் பேசும்போது அவள் சிரிக்கிற சிரிப்பு.

"எனக்காகச் சொல்ற. நானும் அம்மாகிட்ட இப்படித்தான் சொல்வேன். பாலை வச்சது நான்தாம்மா, நீ மறக்கலைன்னு. அவ நம்பிடுவா. நான் இன்னும் அந்த அளவுக்குப் போகலைடா."

பாதி உண்மை சொன்னால் அவள் நம்ப மாட்டாள் என்று ஆகிவிட்டது. முழுசாகச் சொன்னால்தான் நம்புவாள்.

"நான்தான் கழட்டினேன்" என்றேன்.

"என்னது?"

"முன் ஷாஃப்ட்டை. நீ கண் ஆபரேஷனுக்குப் போன வாரம். குவாரிக்காரர் வண்டிக்கு மாட்டிட்டேன். உன் வண்டியில அது இல்லவே இல்லை. ரெண்டு வருஷமா. போன சனிக்கிழமைதான் வேற மாட்டினேன். நீ ஒரு தடவையும் மறக்கலை."

அவள் கொஞ்ச நேரம் என் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போனாள். கதவைச் சாத்தப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து எடுத்து வந்து வண்டிக்குப் பக்கத்தில் போட்டாள்.

"அந்தத் தகட்டைக் கழட்டு."

கழற்றினேன். அறுபதைத் தாண்டியவள், அட்டை மேல் மல்லாந்து படுத்து உள்ளே போனாள். அவள் கால் மட்டும் வெளியே தெரிந்தது. ஷாஃப்ட்டைக் கையால் திருகிப் பார்க்கிற சத்தம் கேட்டது. நான் புதுசாக நீட்டிய இடத்தில் பெயின்ட் இன்னும் பளபளவென்றுதான் இருக்கும். அதைத் தடவிப் பார்த்திருப்பாள்.

வெளியே வந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். விரல் வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள்.

"பதினோரு தடவை 'மறந்துவிட்டேன்'னு எழுதியிருக்கேன்" என்றாள். "டாக்டர் உனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொன்னார். நான் நம்பலை. உன்னைத்தான் நம்பினேன்."

அவள் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஞாயித்துக்கிழமை வந்து அவங்ககிட்ட சொல்லு."

போனேன். எல்லாரும் சூளைக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "சிஸ்டர் வண்டியில முன் ஷாஃப்ட்டே இல்லாம இருந்திருக்கு. இப்பப் போட்டாச்சு" என்றேன்.

"அடப்பாவி, வித்தவன் ஏமாத்திட்டானா?" என்றார் கயிறு. "மரக்கடைக்காரன்தானே? அவன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியும்."

நான் இல்லை என்று சொல்லவில்லை. "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்றார் வாத்தியார். என்னைப் பார்த்து, "நல்லவேளை, நீங்க கண்டுபிடிச்சீங்க" என்றும் சொன்னார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

அக்கா குமிழ் இரண்டையும் திருகினாள், ஏறினாள், சரளை மேட்டில் வண்டியை விட்டாள். வேகமே இல்லை. நாலு சக்கரமும் கல்லைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, படி ஏறுகிற மாதிரி ஏறிப் போனது. கை தட்டல் காதைப் பிளந்தது. அவள் மேலே போய் வண்டியை நிறுத்தி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

திரும்பி வரும்போது நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் வீட்டுத் தெருவுக்குள் வண்டியைத் திருப்பினாள்.

"மரக்கடைக்காரர் என்னடா பண்ணினார்?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சின்ன வண்டி, தூரமாகக்கூட உட்கார முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். அவள் கூப்பிடவில்லை. டீ வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். கழட்டினது நான், யாருக்காக, எந்த வாரம், தகட்டை எதுக்கு அவ்வளவு நீளமா வெட்டினேன், இந்த மேட்டில் அன்றைக்கு எப்படி ஏற்றிக் காட்டினேன், எல்லாம். மரக்கடைக்காரர் கொடுத்தபோது வண்டியில் ஷாஃப்ட் இருந்தது என்பதையும். சொல்லி முடித்ததும் பல் டாக்டர் தன் வண்டிக்குள் எதையோ தேடப் போனார்.

கயிறுதான் முதலில் வாயைத் திறந்தார். "யோவ், இத்தனை நாளா நான் அவங்களைக் கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்தேனே. பக்கத்துல நின்னு நீயும் சிரிச்சியேய்யா."

"ஆமா" என்றேன். சிரித்தேன்தான்.

அவர் அக்காவிடம் போனார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா அவர் கையில் ஒரு டம்ளர் டீயைக் கொடுத்தாள். எனக்கும் ஒன்று வந்தது, வேறு யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அவள் இப்போது வண்டியை வேறு பட்டறைக்குத்தான் விடுகிறாள். அங்கே இருக்கிற மெக்கானிக் என்னைவிடச் சின்னவன், வேலையும் கொஞ்சம் சுமார். நான் ஒன்றும் சொல்வதில்லை. என் வீட்டுக்கு வருகிறாள், சாப்பிடுகிறாள், என் மனைவியோடு சேர்ந்து என்னைக் கிண்டல் பண்ணுகிறாள். போன மாசம் பனி விழுகிற உயரம் வரைக்கும் தனியாக ஓட்டிக்கொண்டு போய் வந்தாள். ரோடு முடிந்து அதற்கு மேலே இரண்டு மணி நேரம் ஏறியிருக்கிறாள். என்ன இருந்தது என்று கேட்டேன். "காத்து. அவ்வளவுதான். நல்லா இருந்துச்சு" என்றாள்.

சில ஞாயிறுகளில் என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். கிளம்புவதற்கு முன்னால் அட்டையை விரித்து, வண்டிக்கு அடியில் போய், முன் ஷாஃப்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். ஒரு நாளும் விட்டதில்லை. ஒருநாள், "நான் பாத்துச் சொல்றேன்க்கா, உனக்கு முதுகு வலிக்கும்" என்றேன்.

"நீ ஏறி உக்காரு" என்றாள் அடியிலிருந்து.

நான் ஏறி உட்காரவில்லை. அவள் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொள்கிற வரைக்கும் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். வயசான ஒரு பெண் வண்டிக்கு அடியில் கிடக்கிறாள், மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். பார்க்கட்டும் என்று நின்றேன்.